பிள்ளையை விரட்ட மட்டும் ஒரு மொழியா?

காலை ஆறு மணிக்கே நம் வீடுகளில் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கிவிடுகிறது. போர்வையை உருவிக்கொண்டே ‘கெட் அப்’ என்கிறோம். பாத்ரூம் கதவைத் தட்டி ‘கம் அவுட்’. தட்டில் இட்லியை வைத்துவிட்டு ‘சிட் டவுன்’. இரண்டு வாய் உள்ளே போவதற்குள் ‘ஹரி அப்’. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டதும் ‘கோ, கோ, கெட் இன்’. சாயங்காலம் வீடு திரும்பினால் ‘கம் இன்’, வாசலில் பந்தோடு நின்றால் ‘கோ இன் அண்ட் ஸ்டடி’. இதற்கு நடுவில் குழம்பில் உப்புப் போதாததையும், பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்பதையும், எதிர்வீட்டுக்காரர் நம் வாசலில் வண்டியை நிறுத்துவதையும் நாம் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். பிள்ளைக்கு மட்டும் இங்கிலீஷ். அதுவும் ஏவல் மட்டும்.

வீட்டில் பிள்ளையிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறோம் என்று விசேஷ வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, என் வீட்டையும் சேர்த்தே கேட்கிறேன்: எழுந்திரு, உட்கார், வா, போ என்பதைத் தாண்டி அந்த மொழியில் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லியிருக்கிறோம்? மாடிக்குத் துணி எடுக்கப் போனேன், மழை பிடித்துக்கொண்டது, ஓடி இறங்கிவிட்டேன் என்று ஒரு சங்கதி சொன்னதுண்டா? அப்பா இன்னும் வந்து சேரவில்லை, பாதி வழியில் பஸ் நின்றுவிட்டதாம் என்று ஒரு தகவல்? இங்கிலீஷ் என்றாலே இருக்கும் இடத்திலிருந்து தன்னைக் கிளப்பி வேறெங்கோ தள்ளும் குரல் என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டால், அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

நாள் முழுக்க நாம் பிள்ளைமேல் வீசும் இந்தச் சொற்கள்தான், பள்ளிக்கூடத்தில் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயரில் பாடமாக வருகின்றன. ‘கோ’, ‘கம்’, ‘கெட்’, ‘ரன்’ போன்ற எளிய வினையோடு ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘அவுட்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘பேக்’, ‘அவே’ என்று ஏதாவது ஒரு குட்டிச் சொல் சேர்ந்துகொள்ளும். எப்படி அசைந்தோம் என்பதை வினை சொல்லும். எந்தப் பக்கம் என்பதைக் குட்டிச் சொல் சொல்லும். பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த ‘என்டர்’, ‘டிசெண்ட்’, ‘ரிட்டர்ன்’ எல்லாம் அறிவிப்புப் பலகைக்கும் பாடப்புத்தகத்துக்கும் பொருந்தும். சமையலறையிலும் தெருவிலும் இங்கிலீஷ்காரர் ‘கோ இன்’, ‘கம் டவுன்’, ‘கம் பேக்’ என்றுதான் பேசுகிறார். நம் பிள்ளைகளோ ‘டிசெண்ட்’ என்பதற்கு எழுத்துப் பிசகாமல் ஸ்பெல்லிங் சொல்கின்றன. மாடியிலிருந்து இறங்கி வந்த கதையைச் சொல்லச் சொன்னால் விழிக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை இரவு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். ‘ஃபிரேசல் வெர்ப் பக்கத்தை யாராவது போட்டோ எடுத்து அனுப்புங்க, ப்ளீஸ். தம்பி நோட்டை ஸ்கூல்லயே வெச்சுட்டு வந்துட்டான்.’ ஐந்து நிமிடத்தில் நாலு பேர் அனுப்பிவிடுவோம். அந்த ஒற்றுமைக்குக் குறைவில்லை. இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள். அம்மா வலது பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொள்கிறார். ‘செட் ஆஃப்?’ ‘ஸ்டார்ட் எ ஜர்னி.’ ‘டர்ன் அப்?’ ‘அப்பியர்.’ ‘டேக் ஆஃப்?’ பிள்ளை கொட்டாவி விடுகிறது. விமானம் கிளம்புவது என்று சொல்லலாமா, கழற்றுவது என்று சொல்லலாமா? நோட்டில் எது எழுதியிருக்கிறது என்று அதற்குச் சந்தேகம். ‘நேத்துதானே படிச்சே?’ என்று நம் குரல் உயர்கிறது.

அதே பிள்ளை அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தானே உள்ளே வந்தது? கழற்றும்போது அந்தச் சொல் ஏன் நம் வாயில் வரவில்லை? இரவு ஒன்பதரைக்கு, கண் சொக்கும் நேரத்தில், உள்ளங்கைக்கு அடியில் வைத்துத்தான் அதை எடுத்து நீட்ட வேண்டுமா?

இந்தச் சொற்கள் கடினம் என்பது பிள்ளைகள் படிக்காமல் இருக்கக் கட்டிவிட்ட கதை இல்லை. 1755இல் தன் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதைப் புலம்பியிருக்கிறார். வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறிப்போகும் வழக்கம் இங்கிலீஷில் மிக அதிகம், அயலார் பெரிதும் திணறுவது இங்கேதான் என்பது அவர் கருத்து. அகராதி எழுதியவரே ஒப்புக்கொண்ட கஷ்டத்துக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் காதைத் திருகுகிறோம். ஒன்று கவனியுங்கள். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவலாகத் தெரியவந்ததே லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கிலாந்துப் பிள்ளைகள் அந்தப் பெயர் தெரியாமலேயே மரத்தில் ஏறியதையும் சேற்றில் விழுந்ததையும் இந்தச் சொற்களில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

எண்ணிக்கையிலும் நமக்கு ஒரு பேராசை. கடையில் விற்கும் புத்தகங்களின் அட்டையில் ஆயிரம் ஃபிரேசல் வெர்ப் என்று போட்டிருந்தால்தான் வாங்குகிறோம். டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பேச்சும் எழுத்துமாகப் பத்துக் கோடிச் சொற்கள் சேர்த்துவைத்த பிரிட்டிஷ் மொழித் தொகுப்பை அலசி 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தத் தொகுப்பில் வரும் ஃபிரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல், வெறும் 20 வினைகளும் 8 சிறுசொற்களும் மாறி மாறிச் சேர்வதால் வருபவை. முதலிடம் ‘கோ ஆன்’. ‘கோ பேக்’, ‘கம் பேக்’ இரண்டும் முதல் பத்துக்குள். மூன்றும் போவதும் வருவதும்தான். பிள்ளை தினமும் செய்வது. இந்த இருபதை வீட்டுக்குள் நடமாட விட்டிருந்தால் போதும். மிச்சத்தை அது வளர வளரத் தானே பொறுக்கிக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார். பிள்ளையைக் கூப்பிட்டு, இன்று எப்படி வீட்டுக்கு வந்தாய் என்று இங்கிலீஷில் கேட்கிறார். பிள்ளை மலர்ந்த முகத்தோடு தொடங்குகிறது. பஸ்ஸில் ஏறியதை, ஜன்னல் சீட் கிடைத்ததை எல்லாம் சொல்லிவிட்டு, நிறுத்தத்தில் ‘ஐ காட் டவுன்’ என்கிறது. ‘காட் டவுன் இல்லம்மா, காட் ஆஃப்’ என்று சித்தப்பா சிரிக்கிறார். அடுத்த நொடி நம் முகம் சிவக்கிறது. ‘எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?’ என்று பல்லைக் கடிக்கிறோம். உண்மையில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிள்ளை மீதிக் கதையை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

மானம் போனது பிள்ளைக்கா, நமக்கா?

‘கெட் டவுன்’ என்று பஸ்ஸிலிருந்து இறங்குவது இந்தியா முழுக்க வழங்கும் இங்கிலீஷ். கண்டக்டர் சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், அலுவலகத்தில் மேனேஜரும் சொல்கிறார். நமக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ ஸ்கூட்டரோ ஏணியோ, எல்லாவற்றிலும் ஏறுவதும் இறங்குவதும்தான். இங்கிலீஷ்காரர் வண்டியைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறார். எழுந்து நின்று நடக்க இடமிருக்கிற பஸ், ரயில், விமானம் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய கார், ஆட்டோ என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. காலைப் போட்டு மேலே உட்காரும் சைக்கிள், ஸ்கூட்டர், குதிரைக்கு மறுபடி ‘ஆன்’, ‘ஆஃப்’. மரத்திலிருந்தோ மேசையிலிருந்தோ இறங்கினால் அவரும் ‘கெட் டவுன்’ என்றுதான் சொல்வார். இவ்வளவுதான் விஷயம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைக்கும்போது ஒரு தடவை, ஆட்டோவில் நுழையும்போது ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை என்று நம் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தால், விதி என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். லண்டனுக்குப் போகிற அன்றைக்கு ‘கெட் ஆஃப்’ தானாக வாயில் வரும். போகாவிட்டாலும் மோசம் இல்லை, கண்டக்டருக்குப் புரியும்.

இன்னொரு தலைவலி, வார்த்தைகளின் வரிசை. டியூஷனில் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குகிறார்கள்: பிரிக்கக்கூடியவை, பிரிக்க முடியாதவை என்று இரண்டு பத்தி. ‘பிக் அப் மீ’ தப்பு, ‘பிக் மீ அப்’ சரி. ‘டேக் ஆஃப் இட்’ தப்பு, ‘டேக் இட் ஆஃப்’ சரி. ஏன் என்று கேட்டால், பிரிக்கக்கூடிய வினையில் ‘மீ’, ‘இட்’, ‘தெம்’ போன்ற குட்டிப் பெயர்கள் நடுவில்தான் உட்கார வேண்டும் என்பது விதி. விதியை ஒப்பிக்கும் பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு நாம் என்ன சொல்கிறோம்? ‘ஒழுங்கா படி.’ நாலு மணிக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன் என்பதை ‘ஐ வில் பிக் யூ அப்’ என்று தினமும் சொல்லியிருந்தால், அந்த வரிசை ஒரு மாதத்தில் நாக்கில் உட்கார்ந்திருக்கும். அது வெறும் இலக்கணமாகவும் இருந்திருக்காது. அம்மா வருவார் என்ற உறுதியாகவும் இருந்திருக்கும்.

இங்கிலீஷ் பேசும் வீடுகளில் இப்போதுதான் பேச்சு வரும் குழந்தைகள் மிகச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் சொற்களில் ‘அப்’பும் ‘டவுனு’ம் உண்டு. வினையே இல்லாமல் ‘அப்’ என்று கையைத் தூக்கினால், என்னைத் தூக்கு என்று அர்த்தம். நம் குழந்தை ‘தூக்கு’ என்று கை நீட்டுவதைப் போலவே. அங்கே முதல் ஃபிரேசல் வெர்ப் இடுப்பில் ஏறி உட்காருவதற்காகப் பிறக்கிறது. நம் வீட்டில் அது டெஸ்ட்டுக்காகப் பிறக்கிறது. எல்கேஜியிலேயே ‘ஜாக் அண்ட் ஜில்’ பாட வைத்தோம். அதில் மலைமேல் ஏறுவதும் விழுவதும் இருக்கிறதே, பாடும்போது ஒரு நாளாவது பிள்ளையோடு சேர்ந்து விழுந்து காட்டினோமா? உறவினர் முன்னால் நிறுத்திப் பாட வைத்து வீடியோ எடுத்ததோடு சரி.

வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ‘போறேன்’ என்று நம் வீட்டில் யாராவது சொல்வார்களா? சொன்னால் பாட்டி அதட்டுவார். ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இது மூன்று வயதிலேயே தெரியும். போனில் பாட்டியிடம் ‘நான் உங்க வீட்டுக்கு வரேன்’ என்கிறது. ‘போறேன்’ என்று சொல்வதில்லை. பக்கத்திலிருக்கும் அக்காவிடம் திரும்பி, ‘நாளைக்கு நாம பாட்டி வீட்டுக்குப் போறோம்’ என்கிறது. கேட்பவர் இருக்கும் இடத்தை நோக்கி என்றால் வருதல், வேறிடம் என்றால் போதல். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று வகுத்து வைத்திருக்கிறதே, அதையேதான் இந்தப் பொடிசு போனில் செய்கிறது. இங்கிலீஷிலும் பாட்டியிடம் சொல்ல வேண்டியது ‘ஐ ஆம் கமிங் ஓவர்’ என்றுதான். ‘கோயிங்’ அங்கே பொருந்தாது. ஸ்பானிஷ்காரருக்கு இந்த வசதி இல்லை. கூப்பிட்ட குரலுக்கு அவர் ‘போகிறேன்’ என்று பதில் சொல்வார். இங்கிலீஷ் படிக்கும்போது அவர்தான் இந்த இடத்தில் தடுமாற வேண்டும். நம் பிள்ளை கையில் சாவியோடு நிற்கிறது. தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு வா என்று அந்தச் சாவியை ஏன் பிடுங்குகிறோம்?

பரீட்சைக்கு முந்தின இரவு கரண்ட் போகிறது. பிள்ளைக்குக் கொண்டாட்டம். ‘லைட் வென்ட் ஆஃப்’ என்று கத்துகிறது. கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறது. ‘கேம் பேக் ஆன்’ என்று சொல்லலாமா என்று கேட்கிறது. சொல்லலாம், அதுதான் சரி. பிறகு அதற்கு ஒரு சந்தேகம். லைட் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்துவிட்டது. காலையில் அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது. பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டுப்போனது. ஒரே சொல் எப்படி அணையவும் அடிக்கவும் கெடவும் செய்யும்? அற்புதமான கேள்வி. நாம் சொல்லும் பதில்: ‘கேள்வி கேக்காம இருக்கிறதைப் படி.’

கரண்ட் போச்சு, பால் கெட்டுப்போச்சு, பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை, விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது என்று காலிலிருந்து கழன்று ‘போ’ எங்கெங்கோ போவதைத் தமிழிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் என்ன அதிசயம்? விலை ஏறினால் ‘கோ அப்’, இறங்கினால் ‘கம் டவுன்’. மொழி வேறு, மேடும் பள்ளமும் ஒன்று. இப்படி ஒன்றோடொன்று முடிந்து காட்டப் பத்து நிமிடம் ஆகும். அலாரம் மட்டும் முடிச்சுக்குள் வராது. வராததை வேடிக்கை என்று சொல்லிச் சேர்ந்து சிரிக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் பட்டியலில் இன்னும் இருபது சொல் முடித்திருக்கலாமே என்ற கணக்குதான் நம்மைப் பிடித்து ஆட்டுகிறது.

தமிழில் பேசினால் அபராதம் என்ற வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. எதிர்க்க வேண்டிய நாமே அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சாப்பாட்டு மேசையில் ஒரு உண்டியல். தமிழ் வார்த்தை ஒன்றுக்கு ஒரு ரூபாய். விளையாட்டாகத்தான் வைத்தோம், சேர்ந்த காசில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகவும் சொன்னோம். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பேசாமல் இருந்தால் அபராதமே இல்லை என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளியில் யார் எதைத் தூக்கி எறிந்தார்கள், யார் வகுப்பைவிட்டு ஓடினார்கள், வேனில் யார் யாரைத் தள்ளிவிட்டார்கள் என்று முன்பு மூச்சுவிடாமல் கொட்டிய வாய், இப்போது சப்பாத்தியை மென்றுகொண்டு சுவரைப் பார்க்கிறது. வேனில் தள்ளிவிட்டதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? பிள்ளை அதை இங்கிலீஷில் சொல்லக் கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்கப் போகிறோமா?

கொல்லிமலைக்கு ஒரு நாள் போய்வந்த குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காரவள்ளியைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது; 70 கொண்டை ஊசி வளைவுகள். பையன் ஒவ்வொரு வளைவிலும் பலகையைப் பார்த்து எண்ணிக்கொண்டு வருகிறான். பாதிக்கு மேல் தங்கச்சிக்குக் குமட்டுகிறது. அப்பா வண்டியை ஓரங்கட்டுகிறார். இறங்குகிறார்கள். அவள் வாந்தி எடுக்கிறாள். முகம் கழுவிவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, ஆகாய கங்கை அருவிக்கு நூற்றுக்கணக்கான படிகளில் இறங்குகிறார்கள். தாத்தா நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார், நீங்கள் போய் வாருங்கள் என்று. நனைந்துவிட்டு மேலே ஏறுவதற்குள் எல்லோருக்கும் முட்டி கழன்றுவிடுகிறது. இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவசரமாகத் திரும்புகிறார்கள்.

இந்த ஒரு நாளுக்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள். மலைமேல் வண்டியில் போனது ‘டிரோவ் அப்’. ஓரங்கட்டியது ‘புல்ட் ஓவர்’. இறங்கியது ‘காட் அவுட்’. வாந்தி எடுத்தது ‘த்ரூ அப்’. கீழே போவதை மேலே எறிந்ததாகச் சொல்லும் இந்தச் சொல்லைக் கேட்டால் எந்தப் பையனும் தங்கச்சியைச் சீண்ட ஒரு வாரத்துக்கு அதையே சொல்லித் திரிவான், ஆயுசுக்கும் மறக்க மாட்டான். மறுபடி ஏறியது ‘காட் பேக் இன்’. படி இறங்கியது ‘வென்ட் டவுன்’, திணறி ஏறியது ‘கிளைம்ட் பேக் அப்’, திரும்பக் கிளம்பியது ‘செட் ஆஃப்’. நோட்டில் இருந்த பட்டியலில் பாதி அந்த மலையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பள்ளியில், விடுமுறையைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை கேட்கிறார்கள். பையன் வாந்தியிலிருந்து ஆரம்பிக்கிறான். ‘சீ, இதையா எழுதுவே?’ என்று அம்மா நோட்டை வாங்குகிறார். போனைத் திறந்து சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான்: கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள ஓர் அழகிய சுற்றுலாத் தலம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இங்கு அருவி உள்ளது, கோயில் உள்ளது. கட்டுரை முழுக்க எல்லாம் ‘உள்ளது’. ஒருவரும் எங்கேயும் போகவில்லை, வரவில்லை, இறங்கவில்லை. ஆசிரியர் ‘குட்’ போட்டார். அந்த ‘குட்’ அம்மாவுக்குத்தான்.

அவன் பார்த்த மலையை அவன் வாயால் சொல்ல விடாமல் தடுத்தது யார்? தப்பும் தவறுமாக ஆறு வாக்கியம் எழுதியிருப்பான். சிவப்பு மை விழுந்திருக்கும். விழட்டுமே. பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையைப் பார்த்தால் நமக்கு ஏன் இப்படிக் கை நடுங்குகிறது?

மெர்சர் மேயர் என்பவர் 1969இல் வெளியிட்ட தவளைக் கதைப் படப் புத்தகம் ஒன்று உண்டு. கதைக்குள் ஒரு சொல்கூடக் கிடையாது, எல்லாம் படம். இரவில் ஜாடியிலிருந்து தவளை தப்பிப்போகிறது. பையனும் நாயும் தேடிக் கிளம்புகிறார்கள். நாய் ஜன்னலிலிருந்து விழுகிறது, பையன் மரத்திலிருந்து விழுகிறான், ஒரு மான் அவனைக் கொம்பில் தூக்கிக்கொண்டு ஓடி மேட்டிலிருந்து தண்ணீரில் தள்ளுகிறது. ரூத் பெர்மன், டேன் ஸ்லோபின் என்ற மொழியியலாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பல மொழி பேசும் பிள்ளைகளிடம் இந்தப் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். 1994இல் அது பெரிய நூலாக வந்தது. இங்கிலீஷ் பேசும் வாண்டுகள் ‘அவுட்’, ‘டவுன்’, ‘இன்டு’ என்று அடுக்கிக்கொண்டே போயின. ஸ்பானிஷ் பிள்ளைகள் இங்கே ஒரு மேடு, கீழே தண்ணீர் என்று இடத்தை விவரித்துவிட்டு, பையன் விழுந்தான் என்று முடிப்பது அதிகம். இரண்டும் நல்ல கதைகள்தான். அங்கே கேட்டவர்கள் பிள்ளை சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்கள்.

நமக்கு அந்தப் புத்தகம்கூட வேண்டாம். கொல்லிமலைப் போட்டோக்கள் நம் போனிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே, அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்கலாம். பிள்ளை முதலில் தமிழில் சொல்லட்டும், பாதியில் இங்கிலீஷ் கலக்கட்டும். ‘வி கோ டவுன் தி ஸ்டெப்ஸ்’ என்று காலம் பிசகினால், ‘ஓ, யூ வென்ட் டவுன்! தென்?’ என்று நம் பதிலில் சரியான சொல்லை வைத்துவிட்டு மேலே போகலாம். திருத்தினோம் என்பது அதற்குத் தெரியாது, சொல் மட்டும் காதில் தங்கும். எங்களுக்கே இங்கிலீஷ் தகராறு என்று கூச்சப்படும் பெற்றோரும் இருக்கிறோம். அவர்கள் தமிழில் கேட்டால் போதும். நடந்ததைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியில் சொல் கிடைத்தால் மாட்டிக்கொள்ள இடம் தயாராக இருக்கும்.

மார்க் போய்விடாதா என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஃபிரேசல் வெர்ப் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அதற்காக இன்றே இரவில் உட்கார வைக்க வேண்டியதில்லை. பேசிப் பழகிய பிள்ளை அந்தக் கேள்வியை வாசிக்கும்போதே எந்தச் சொல் பொருந்துகிறது என்று காது சொல்லிவிடும். காது கைவிட்டால், பரீட்சைக்கு முந்தின வாரம் பட்டியலைப் புரட்டிக்கொள்ளட்டும். பதினைந்து வயதில் அது ஒரு பெரிய வேலையே இல்லை.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் வருகிறது. வழக்கம்போல நம்மில் ஒருவர் எழுந்து, ஏன் வாரத்துக்கு இருபது சொல்தான் கொடுக்கிறீர்கள், பக்கத்துப் பள்ளியில் நாற்பது கொடுக்கிறார்களே என்று கேட்பார். ஆசிரியர் அடுத்த வாரமே நாற்பது கொடுத்துவிடுவார். பட்டியல் நீள்வதற்குப் பாதிக் காரணம் அவர் இல்லை, நாம்தான். இந்தத் தடவை நான் வேறொன்றைக் கேட்கப்போகிறேன்: வகுப்பில் என் பிள்ளை தானாக எழுந்து நின்று, நடந்த ஒன்றைத் தப்பாகவாவது சொன்னதுண்டா? அந்தத் தமிழ் அபராதம் எதற்கு என்றும் கூடவே கேட்பேன். தனியாகக் கேட்டால், இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் பிடிக்காது போலிருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.